வடமராட்சியின் கடற்றுறைகள்

ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனைகளிலே தேடுவோர் பலர். கோயில்களிலும் கோட்டைகளிலும் தேடுவோரும் உளர். கடலை அடுத்துக் கிடக்கும் நிலத்துக்கோ இன்னுமொரு வரலாற்றுச் சாலை உண்டு. அஃது அதன் துறைமுகம். அரசு மாறியதும் பண்டம் மாறியதும் புதிய சமயமும் புதிய மொழியும் வந்ததும் முதலிலே துறையிலேதான் தெரியும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகீழ்ப் பகுதியாகிய வடமராட்சிக்கு இவ்வுண்மை மிகப் பொருந்தும்.

வடமராட்சியின் நடுவிலே கரவெட்டி என்னும் ஊர் இருக்கிறது. நெல்வயலும் தோட்டமும் பனங்கூடலும் நிறைந்த ஊர். அதனை அடுத்துள்ள கரணவாய் பழங்காலந்தொட்டு உப்புக்குப் பேர்பெற்றது. வடக்கே சில மைல் சென்றால் கடல். அக்கரையிலே மேற்கிலிருந்து கிழக்காகத் தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என மூன்று துறைகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. உள்ளூரிலே ஏர் பிடித்தவன் விளைவித்த புகையிலையையும் பனையிலிருந்து பெற்ற பண்டங்களையும் கரையிலே பாய் விரித்தவன் கொண்டுபோனான். அவன் கொண்டுவந்த அரிசி உள்ளூர் அடுப்பிலே வெந்தது. வயலூரும் துறையூரும் ஒன்றையொன்று தாங்கி நின்ற காலம் அது. அந்தத் துறைகள் எவ்வாறு வாழ்ந்தன, எவ்வாறு அமைதியடைந்தன என்பது ஆராயத்தக்கது.

இந்தக் கரையை முதன்முறை காண்பவர் வியப்படைவர். பெருங்கப்பல்கள் கட்டவும் கடல்கடந்த வாணிகம் நடத்தவும் ஏற்ற துறை இங்கே எங்கே இருக்கிறது என்று கேட்பர். திருகோணமலைக்கு இயற்கை அளித்த ஆழமும் அரணும் இங்கே இல்லை. கரையை ஒட்டி முருகைக்கற்பாறை நீண்டு கிடக்கிறது. பாறையினூடே திறந்த ஒடுங்கிய வழியை இவ்வூரார் ‘வான்’ என்பர். பெரிய கப்பல் பாறைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். வள்ளங்களும் வத்தைகளும் வான் வழியாகப் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கி வரும். காற்று மாறினால், அந்த நங்கூரமும் நம்பத்தக்கதன்று.

ஆகவே காற்றை அறிவதே இத்துறைகளின் முதற் கல்வியாயிற்று. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம், வடகிழக்கிலிருந்து வீசும் வாடை, கீழைக் காற்றாகிய கொண்டல், மேலைக் காற்றாகிய கச்சான் என நான்கையும் அவர்கள் பெயரிட்டு அறிந்திருந்தனர். சோளகத்தோடு வங்காள விரிகுடாவைக் கடந்து கிழக்கே போவதும், வாடையோடு திரும்பி வருவதும் வழக்கம். கார்த்திகை மார்கழியிற் கடல் கொந்தளிக்கும்போது கலங்களை ஒதுக்கிப் பழுதுபார்ப்பர். பாக்குநீரிணைக்கு அப்பால் ஏறக்குறைய 40 மைலிலே கோடிக்கரை. நல்ல காற்றிலே புறப்பட்டவர் மறுநாளுக்குள் சோழநாட்டுக் கரையைக் கண்டுவிடலாம். கொழும்புக்குத் தரைவழியே போவதைவிட நாகபட்டினத்துக்குக் கடல்வழியே போவது எளிதாயிருந்த காலம் நெடுங்காலமாகும்.

வடகரையின் கடல்வரலாறு மிகத் தொன்மையானது. மகாவமிசம் சம்புகோளப் பட்டினம் என ஒரு துறையைச் சொல்கிறது. கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலே, தேவநம்பிய தீசன் காலத்தில், சங்கமித்தை வெள்ளரசின் கிளையோடு வந்திறங்கியது அத்துறையிலே என்பது அந்நூற் செய்தி. கீரிமலைக்கு மேற்கே மாதகலை அடுத்த சம்பில்துறையே அது என ஆராய்ச்சியாளர் கொள்வர். தமிழ்நாட்டுப் பக்கத்திலே, காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடும் பட்டினப்பாலை, அங்கே வந்து குவிந்த பண்டங்களுள் ஈழத்து உணவையும் எண்ணுகிறது. பிற்காலத்தில் அரிசிக்காகக் கடல் கடந்த மண்ணிலிருந்து ஒரு காலத்தில் உணவே ஏற்றுமதியானது என்பது கருதத்தக்கது.

தொண்டைமானாற்றின் பெயரும் ஒரு மரபைச் சுமந்து நிற்கிறது. முதலாங் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கரணவாய் உப்பைக் கடலுக்குக் கொண்டுசெல்ல அவ்வாற்றை வெட்டுவித்தான் என்று யாழ்ப்பாணத்திலே வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மரபு மரபாகவே இருக்கட்டும். உள்நாட்டு விளைபொருளுக்கும் கடற்றுறைக்கும் உள்ள தொடர்பை மக்கள் எவ்வளவு ஆழமாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு அதுவே சான்றாகும்.

மரபை விட்டுக் கல்லெழுத்துக்கு வருவோம். வடமராட்சிக்கு மேற்கே, குடாநாட்டின் மறுபுறத்திலே, ஊர்காவற்றுறை இருக்கிறது. பண்டைநாளில் அதன் பெயர் ஊராத்துறை. அத்துறையைப் பற்றிய அரசாணை ஒன்று நயினாதீவிலே கல்லிற் பொறிக்கப்பட்டுக் கிடைத்திருக்கிறது. 1153 முதல் 1186 வரை பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. சிங்கள மன்னனின் ஆணையாயினும், கடலோடுவோரும் வணிகரும் அறியும்பொருட்டுத் தமிழிலே எழுதப்பட்டிருக்கிறது.

அவ்வாணை சொல்வது யாது? பரதேசத்தார் ஊராத்துறையிலே வந்திறங்க வேண்டும். அவர்கள் காக்கப்பட வேண்டும். பல துறைகளிலிருந்தும் அவர்கள் நம் துறைக்கு வந்து கூட வேண்டும் என்பது அதன் நோக்கம். அடுத்து, உடைந்த கப்பலைப் பற்றிய விதி வருகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் கரையிலே உடைந்தால், நாலில் ஒரு கூறு அரசுக்கு. மூன்று கூறு உடையவனுக்கு. வாணிகச் சரக்கேற்றிய கப்பல் உடைந்தால், பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு. படைக்கு வேண்டிய விலங்கைக் கொண்டுவருவோனுக்குச் சலுகை கூடுதல் என்பதிலே அரசியலின் கணக்குத் தெரிகிறது.

இன்று கேட்போருக்குப் பாதியை அரசு எடுப்பது பெருங்கொடுமையாகத் தோன்றலாம். அக்காலக் கடற்கரைகளின் வழக்கத்தோடு ஒப்பிட்டே இதனை மதிப்பிட வேண்டும். கரையொதுங்கிய கப்பலை முழுவதும் பறித்துக்கொள்வது பல நாடுகளிலே வழக்கமாயிருந்தது. ஐரோப்பாவிலும் கரைக்குரிய பிரபுக்கள் அதைத் தம் உரிமையென்றே கொண்டனர். அவ்வுலகிலே, உடையவனுக்கு உரிய பங்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஆணை வணிகனுக்குப் பெரிய உறுதியாகும். எந்தத் துறைக்குப் போவது என்று கடலிலே தீர்மானிக்கும் மாலுமி, ஆழத்தை மட்டுமன்றி அரசனின் சொல்லையும் அளந்தே பாய் திருப்புவான்.

அதே மன்னன் காலத்திலே துறை போர்க்களமானதும் உண்டு. பாண்டிநாட்டு உரிமைப் போரிலே பராக்கிரமபாகு படை அனுப்பியதும், சோழர் எதிர்த்ததும் அறிந்தவையே. 1178 ஆம் ஆண்டளவிலே பொறிக்கப்பட்ட திருவாலங்காட்டுச் சோழக் கல்வெட்டு, மீண்டும் படையெடுக்க ஊராத்துறை, மாதோட்டம், வலிகாமம் முதலிய இடங்களிலே அம்மன்னன் கப்பல் கட்டுவித்தான் என்றும், சோழர் பக்கத்திலிருந்து அனுப்பப்பட்ட படை அத்துறைகளை அழித்து யானைகளைக் கைப்பற்றிச் சென்றது என்றும் கூறுகிறது. வடகரையிலே கப்பல் கட்டும் தொழில் எண்ணூறு ஆண்டுக்கு முன்பே நிலைத்திருந்தது என்பதை இப்பகைவரின் எழுத்தே நமக்கு உறுதிப்படுத்துகிறது.

பின்னர் யாழ்ப்பாண அரசு தனியாக எழுந்தது. 1344 இல் இலங்கைக்கு வந்த மொரொக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளப் பகுதியிலே கண்டார். கடலிலே வலிமையுடைய அரசன் என்று அவரைக் குறிப்பிடும் அந்த யாத்திரிகர், சோழமண்டலக் கரையிலே அவருடைய கலங்கள் நூறளவில் நின்றதைத் தாம் பார்த்ததாகவும், அவை யேமன் நோக்கிச் செல்லவிருந்தவை என்றும் எழுதிவைத்தார். ஒரு சிறிய அரசு செங்கடல் வாயில்வரை கலம் விட்டது என்றால், அதற்குப் பின்னே தச்சரும் பாய் தைப்போரும் கடலோடிகளும் எத்துணைபேர் இருந்திருக்க வேண்டும்!

1619 இலே போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை முடிவுக்குக் கொண்டுவந்தனர். அதனை மீட்பதற்கெனத் தஞ்சை நாயக்கர் அனுப்பிய படைகள் இதே பாக்குநீரிணையைக் கடந்து வந்து பொருது தோற்றன. பருத்தித்துறையின் ஆங்கிலப் பெயர் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. கற்பாறை முனை என்னும் பொருளுடைய அவர்தம் சொல்லே திரிந்து ‘பொயின்ற் பெட்றோ’ ஆயிற்று. பேதுரு என்னும் அடியாரின் பெயர் அதில் இல்லை. தமிழ்ப் பெயரோ, துறையிலே கைமாறிய பருத்தியை நினைவூட்டுகிறது. வந்தவன் பாறையைக் கண்டான். இருந்தவன் பண்டத்தைக் கண்டான்.

1658 இலே ஒல்லாந்தர் வந்தனர். அவர்களோடு வந்த போதகர் பிலிப்பு பால்தேயு யாழ்ப்பாணத்திலே 1665 வரை பணிபுரிந்து, 1672 இலே அம்ஸ்ரடாமில் வெளியான தம் நூலிலே இந்நாட்டையும் அதன் மக்களையும் விரித்து எழுதினார். ஒல்லாந்தர் கடலைத் திறந்துவைத்தவர் அல்லர். அவர்கள் கும்பனியாக வந்தவர்கள். யானை வாணிகத்தைத் தம் கையிலே வைத்துக்கொண்டனர். வன்னிக் காடுகளிலே பிடிக்கப்பட்ட யானைகள் யாழ்ப்பாணத்துக்கு நடத்திக் கொண்டுவரப்பட்டுக் கோல்கொண்டா முதலிய நாட்டு வணிகருக்கு விற்கப்பட்டன. ஏற்றுமதி ஊர்காவற்றுறை வழியாக நடந்தது. சிறு கலங்களும் அனுமதிச்சீட்டின்றி ஓடலாகாது என விதித்தனர். ஆயினும் கரையோடு கரையாக ஓடிய சிறு தோணிகளின் வாணிகத்தை அவர்களால் முற்றாக அடக்க முடியவில்லை. யாழ்ப்பாணப் புகையிலைக்கு மலையாளக் கரையிலே சுவை பிடித்தது. திருவிதாங்கூர் அரசின் வருவாயிலே அப்புகையிலை ஒரு பெரும்பகுதியாக வளர்ந்தது.

1795 செப்ரெம்பர் இறுதியிலே பருத்தித்துறைக் கரை மீண்டும் ஓர் ஆட்சிமாற்றத்தைக் கண்டது. திருகோணமலையை வென்ற ஆங்கிலப் படை, கேணல் ஸ்ருவேட்டின் தலைமையிலே கடல்வழியே வந்து இங்கே இறங்கியது. யாழ்ப்பாணக் கோட்டை பெரும்போரின்றியே பணிந்தது. நெடுங்காலம் நின்ற ஒல்லாந்த ஆட்சி வடக்கிலே சில நாளில் மறைந்தது.

ஆங்கிலர் ஆட்சியின் நூறு ஆண்டுகளே வடமராட்சித் துறைகள் மிகத் தழைத்த காலமாகும். ஒல்லாந்தர் காலத்துக் கட்டுக்கள் படிப்படியாகத் தளர்ந்தன. இலங்கையும் இந்தியக் கரையும் பர்மாவும் ஒரே பேரரசின் கீழ் வந்தன. 1852 இலே கீழ்ப் பர்மா ஆங்கிலர் வசமானபின், ஐராவதி ஆற்றுமுகத்து நிலங்கள் உலகின் பெரிய நெற்களஞ்சியமாக மாறின. குடாநாட்டின் நெல் குடாநாட்டாருக்குப் போதாது. ஆகவே வல்வெட்டித்துறைக் கப்பல்கள் இரங்கூனுக்கும் அக்கியாப்புக்கும் சிற்றகொங்குக்கும் போய் அரிசியும் தேக்கும் கொண்டுவந்தன. நாகபட்டினம், காரைக்கால், தூத்துக்குடித் துறைகளோடு ஓயாது கொண்டு கொடுத்தன. இங்கிருந்து புகையிலை, பனைமரம், தேங்காய்ப் பண்டங்கள் முதலியன போயின.

பண்டம் மட்டுமோ போயிற்று? கல்வியும் சமயமும் அவ்வழியே போய் வந்தன. சிதம்பரத்துக்கு யாத்திரை போவோர் பாய்க்கப்பலிலே ஏறினர். 1849 இலே ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குச் சென்றது பாக்குநீரிணையைக் கடந்தேயாகும். 1864 இலே அவர் சிதம்பரத்தில் நிறுவிய பாடசாலையும், யாழ்ப்பாணத்தார் அங்கே அமைத்த மடங்களும், இருகரையையும் ஒரே ஊரின் இரு தெருக்களாகக் கருதிய தலைமுறையின் நினைவுகள்.

கப்பலாற் சேர்ந்த செல்வம் கரையிலே கோயிலாயிற்று. வல்வெட்டித்துறையிலே வெங்கடாசலம்பிள்ளை என்னும் கப்பலுடையவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே எழுப்பிய வைத்தீசுவரன் கோயிலை அதற்குச் சான்றாகக் கூறலாம். அவ்வூர்க் கடற்கரை ஒரு பெரிய தொழிற்சாலைபோல் இயங்கியது. மேத்திரியார் எனப்பட்ட கப்பற்றச்சர் தலைவர் காகிதத்திலே படம் வரையாது, வழிவழி வந்த கணக்கினால் ஏராவும் விலாவும் வகுத்தனர். வேம்பும் இலுப்பையும் உள்ளூர் மரங்கள். உப்புநீரிலே நெடுநாள் நிற்பவை. அவற்றை அறுத்து, வளைத்து, பிணைத்து, பொருத்துக்களிலே பஞ்சு திணித்துக் குங்கிலியம் பூசிக் கலத்தை முடித்தனர். கப்பலைக் கடலிலே தள்ளும் நாள் ஊருக்கே திருநாளாகும். சம்மாட்டியின் முதல், மேத்திரியாரின் கைத்திறன், தண்டையலின் கடலறிவு என்னும் மூன்றும் ஒரே ஊரிற் கூடியமையே அத்துறையின் பெருமை.

இந்நிலையிலே நீராவி வந்தது. பாய்க்கப்பலை நீராவி வீழ்த்தியது என்றே பொதுவாகச் சொல்வர். அக்கூற்று முழு உண்மையாகுமா என்பதை நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும்.

1869 இலே சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875 இலே தொடங்கிய கொழும்புத் துறைமுக அலைதடுப்புச் சுவர் 1885 இலே முடிந்தது. பெரிய நீராவிக் கப்பல்கள் கொழும்பையே நாடின. 1905 இலே கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் காங்கேசன்துறைவரை இருப்புப்பாதை இணைத்தது. தெற்கிலிருந்து வந்த சரக்கு புகைவண்டியிலே ஏறிற்று. 1914 இலே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. இந்தியா போவோர் பலர் அவ்வழியை நாடினர். அவ்வாண்டு செப்ரெம்பர் 22 ஆந் திகதி இரவு ஜேர்மன் போர்க்கப்பலான எம்டன் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிப் பின்னர் இலங்கைக்கு அருகிலே வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. கடல்வாணிகம் எவ்வளவு எளிதிலே குலையத்தக்கது என்பதை அது காட்டிற்று.

இத்தனைக்கும் பிறகும் வடமராட்சித் துறைகள் மாளவில்லை. 1916 இலே பருத்தித்துறை முனையிலே ஏறத்தாழ 100 அடி உயரமான வெளிச்சவீடு எழுந்தது. கலங்கள் அருகிப்போன கரைக்கு வெளிச்சவீடு வேண்டியதில்லை. நீராவிக் கப்பல் நெருங்க முடியாத ஆழங்குறைந்த கரைகளுக்குப் பாய்க்கப்பலே போக முடிந்தது. நிலக்கரிச் செலவு அதற்கில்லை. அரிசியும் ஓடும் மரமும் போன்ற, விரைவு வேண்டாத சரக்குக்கு அதுவே மலிவு. நீராவியோடு போட்டியிட்டு, தனக்கென ஒரு பங்கைப் பாய்க்கப்பல் காத்துக்கொண்டது.

அதற்கு மிகச் சிறந்த சான்று அன்னபூரணி. 1930 ஆம் ஆண்டளவிலே வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட இக்கப்பல் 89 அடி நீளமும் 19 அடி அகலமும் உடையது. இருமரப் பாய்க்கப்பல். வேம்பும் இலுப்பையுமே அதன் உடல். வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கக் கடலோடி அதனைக் கண்டார். 32 அடிப் படகு ஒன்றிலே 1928 இலே புறப்பட்டு 1931 வரை உலகைச் சுற்றிவந்தவர் அவர். மேலைநாட்டுப் பெருந்துறைகளிலே சதுரப்பாய்க் கப்பல் அரும்பொருளாகிவிட்ட காலம் அது. இங்கோ கரையிலே புதிதாகக் கட்டப்பட்டு, அரிசி மூட்டை சுமந்து, நாளாந்தம் உழைத்துக்கொண்டிருந்தது. கப்பலறிவு மிக்க அம்மனிதர் அன்னபூரணியை விலைகொடுத்து வாங்கினார். தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயரும் மாற்றினார்.

கப்பலை அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு வல்வெட்டித்துறைத் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையிடமும் அவரோடு சென்ற அவ்வூர்க் கடலோடிகளிடமும் வந்தது. 1937 இலே பயணம் தொடங்கியது. அரபிக்கடலைக் கடந்து, செங்கடலிலே நுழைந்து, நீராவிக் கப்பல்களுக்கென வெட்டிய சுயெஸ் கால்வாயினூடே வேப்பமரக் கப்பல் சென்றது. மத்தியதரைக் கடல், ஜிபுறோல்ற்றர், அதற்கப்பால் அத்திலாந்திக்குப் பெருங்கடல். வாடையும் சோளகமும் அறிந்தவர்களுக்கு அங்கே வீசிய காற்றுகளின் பெயர் தெரியாது. குணத்தை மட்டும் போகப்போக அறிந்துகொண்டனர். 1938 ஓகஸ்ட் மாதத்திலே மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறையை அடைந்தனர். தலைமுறை தலைமுறையாகக் கப்பலோட்டிய ஊர் குளொஸ்டர். தம் கரையிலே மறைந்துபோன வகைக் கப்பலொன்று ஆசியாவின் ஒரு சிற்றூரிலே கட்டப்பட்டு, அவ்வூராராலே ஓட்டப்பட்டு வந்து நின்றதை அவ்வூர் மக்கள் வியந்து பார்த்தனர். அமெரிக்கச் செய்தித்தாள்களும் அதனை எழுதின.

இந்நிகழ்ச்சியைப் பெருமைக்காக மட்டும் நினைவுகூர்தல் போதாது. ஆராய்வோனுக்கு இதிலே ஒரு செய்தி உண்டு. சுயெஸ் திறந்து ஏறத்தாழ 60 ஆண்டுக்குப் பின்னும், இருப்புப்பாதை வந்து ஏறத்தாழ 25 ஆண்டுக்குப் பின்னும், வல்வெட்டித்துறை உலகப் பெருங்கடலைக் கடக்கத்தக்க கப்பலைக் கட்டிற்று. ஆகவே நீராவி மட்டும் இத்துறைகளை அமர்த்திவிடவில்லை. வேறு காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் அடுத்த பத்தாண்டுகளிலே தெரிகிறது. 1942 மார்ச் மாதத்திலே இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. ஏப்ரில் 5 இலே கொழும்பும், 9 இலே திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. பர்மா அரிசி நின்றது. இலங்கை முழுவதும் பங்கீட்டு அரிசியை எதிர்பார்த்து நின்றது. மூன்று தலைமுறையாக ஓடிய இரங்கூன் வழி ஒரே மாதத்திலே மூடுண்டது. போர் முடிந்தபின்னும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

போருக்குப் பின் வந்தது சுதந்திரம். ஒரே பேரரசின் கீழ் இருந்த கரைகள் தனித்தனி நாடுகளாயின. 1948 இன் குடிவரவு குடியகல்வுச் சட்டம் வந்தது. நாகபட்டினத்துக்கும் கோடிக்கரைக்கும் போவோர் கடவுச்சீட்டும் அனுமதியும் கொள்ள வேண்டியவராயினர். 1953 இன் நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொடுக்கல் வாங்கலைக் கட்டியது. இறக்குமதி அனுமதிகள் கொழும்பிலே வழங்கப்பட்டன. அவற்றைப் பெறும் வசதி சிறிய கப்பலுடையவனுக்கு இல்லை. தனி நாடுகள் தம் எல்லையைக் காப்பது இயல்பே. ஆயினும், நூற்றாண்டுகளாக ஒரு கடலின் இருகரையிலும் வாழ்ந்த சிறு வாணிகத்துக்கு ஒரு சிறு வாயிலையேனும் திறந்துவைத்திருக்கலாம். எந்த அரசும் அதனை எண்ணிப் பார்க்கவில்லை.

விளைவு எல்லோரும் அறிந்ததே. சட்டம் வழியை அடைத்தது. வழியை அறிந்தவன் கையிலிருந்த அறிவு அழியவில்லை. பகலிலே சரக்கேற்றிய அதே கடலிலே, சிலர் இரவிலே துணியும் பிற பண்டமும் கடத்தத் தொடங்கினர். கள்ளக்கடத்தல் என்னும் பழி துறைமுழுவதன்மேலும் விழுந்தது. குற்றத்தை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் நேர்வழியிலே உழைத்த தண்டையலின் மகனுக்கு நேர்வழி எது எஞ்சியிருந்தது என்ற கேள்வியை வரலாறு எழுப்பாது விடாது. புதிய கப்பலுக்கு ஏரா வைக்கும் முழக்கம் அருகிற்று. மேத்திரியாரின் கணக்கு எழுதி வைக்கப்படாமையால், கற்பிக்க மாணாக்கர் இன்றி அவரோடே மறைந்தது.

இயற்கையும் மனிதரும் பின்னர் அடித்த அடிகள் பல. 1964 டிசெம்பர் 22, 23 ஆந் திகதிகளிலே வீசிய சூறாவளி தனுஷ்கோடியைக் கடலுக்குள் ஆழ்த்தி, இலங்கையின் வடகரைகளையும் சிதைத்தது. 1983 இற்குப் பின் போர் மூண்டது. வடகடல் தடைவலயமாயிற்று, மீன்பிடிக்கும் வள்ளமும் நினைத்தபடி கடலிறங்க முடியவில்லை. கரையோர மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தனர். 2004 டிசெம்பர் 26 இலே ஆழிப்பேரலை வடமராட்சியின் கீழைக்கரைக் குடியிருப்புக்களைத் துடைத்துச் சென்றது. 2009 மே மாதத்திலே போர் முடிந்தபின் வள்ளங்கள் மீண்டும் கடலிறங்கின. பாய்க்கப்பல் வாணிகம் திரும்பவில்லை.

2023 ஒக்ரோபர் 14 இலே நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பற் சேவை தொடங்கியது. பருவக்காற்றுக் காரணமாகச் சில நாட்களிலே நிறுத்தப்பட்டு, 2024 ஓகஸ்ட் 16 இலே மீளத் தொடங்கியது. நாவலரும் யாத்திரிகரும் பாய்க்கப்பலிலே கடந்த கடலை இயந்திரக் கப்பல் சில மணி நேரத்திலே கடந்தது. துறை வடமராட்சியதன்று, ஆயினும் கடல் அதுவே.

இவ்வரலாற்றை ஒருசேர நோக்குமிடத்து ஒன்று புலனாகும். இக்கரைக்கு ஆழம் என்றுமே இருந்ததில்லை. பாறை அன்றும் இருந்தது. வாடை அன்றும் அடித்தது. அவற்றை வெல்லும் கைத்திறன் கரையிலே இருந்தது. அத்திறன், கடல் திறந்திருந்த காலத்திலே, ஊராத்துறைக்குப் பரதேசத்தாரைக் கூட்டிற்று. யேமனுக்குக் கலம் விட்டது. இரங்கூனிலிருந்து அரிசி கொணர்ந்தது. குளொஸ்டர்வரை வேப்பமரத்தை மிதக்கவிட்டது. புயலும் நீராவியும் அதனை வருத்தின. வழியடைப்பே அதனை வீழ்த்தியது.

எண்ணூறு ஆண்டுக்கு முன் ஒரு மன்னன், கரையிலே உடைந்து கிடக்கும் அந்நியன் கப்பலிலும் அந்நியனுக்குரிய பங்கு உண்டு என்று, அந்நியன் அறியும் மொழியிலே கல்லில் எழுதுவித்தான். துறையை வாழவைப்பது எது என்பதை அவன் அறிந்திருந்தான். கரவெட்டித் தோட்டத்திலே விளையும் பொருள் மீண்டும் வடகடலைக் கடக்க வேண்டுமாயின், வானை ஆழமாக்கும் இயந்திரம் ஒன்றே போதாது. இருகரை அரசுகளும் சிறிய கலத்துக்கும் சிறிய வணிகனுக்கும் தெளிந்ததொரு விதியை எழுதி, அதனை அவர்கள் அறியும் மொழியிலே அறிவித்தல் வேண்டும். இன்னும் எஞ்சியுள்ள முதிய தச்சரின் நினைவிலே இருக்கும் கப்பற்கணக்கை ஏட்டிலே ஏற்றும் வேலையோ அரசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வடமராட்சிப் பாடசாலைகளின் மாணாக்கரே அதனை இன்று தொடங்கலாம்.